கல்லுப் பாலமும் என் சிங்களக் கடிதமும்

பாலத்து வளைவின் அடியில், முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கல்லிடுக்கில் இருந்த சின்னத் துவாரமொன்றைக் கம்பியால் குடைந்துகொண்டிருந்தார் ஓவசியர் நானா. உள்ளேயிருந்து கறுத்த தண்ணீர் அவர் சட்டை முழுக்கக் கொட்டியது. "பாத்தீங்களா தம்பி, எவ்வளவத்த வயித்துக்குள்ள வெச்சிக்கிட்டு நிக்கிதென்டு" என்றார். யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடங்கள் இருக்கும். புத்தளத்தில் வீதி வேலைகளுக்கான அரசாங்கக் கந்தோரில் அவர் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர், நான் எழுதுவினைஞன். அவர் கற்பிட்டிக்காரர், அண்ணன் முறையில் எல்லாரும் நானா என்று கூப்பிடுவோம். நான் தொண்ணூறில் மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு, தில்லையடியில் ஒதுங்கியவன்.

வெள்ளைக்காரன் காலத்துப் பாலம் அது. மூன்று வளைவுகள். கருங்கல்லை மாட்டுவண்டியில் ஏற்றி வந்து, களப்புச் சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பில் கட்டியிருந்தார்கள். நீர் வரும் பக்கம் தூண்களைக் கூராகச் செதுக்கியிருந்ததால், வெள்ளத்தில் அடித்து வரும் மரங்கள் முட்டி நிற்காமல் விலகிப் போய்விடும். வளைவுகளுக்கு மேலே, இரண்டு பக்கச் சுவர்களுக்கும் நடுவில், மண்ணும் சல்லியும் கொட்டி நிரப்பி அதன் மேல்தான் வீதி. மழைத் தண்ணீர் அந்த மண்ணுக்குள் இறங்கத்தான் செய்யும். இறங்கியது வெளியே வருவதற்குத்தான் அந்தத் துவாரங்கள். கட்டியவனுக்குத் தண்ணீரின் குணம் தெரிந்திருந்தது. வருடா வருடம் மாரிக்கு முன் அவற்றைக் குத்தித் திறந்துவிடுவது நானாவின் வேலை. அக்கரைச் சனத்துக்கு டவுனுக்கு வர அந்தப் பாலத்தை விட்டால் வேறு பாதை இல்லை.

அந்தப் பக்கம் ஏதோ திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்று பாலத்தை 'அழகுபடுத்த'க் கொந்தராத்து விட்டார்கள். விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் கட்டினாலாவது அது பிறகும் கூட்டும். இந்தப் படுபாவிகள் கல் முழுக்கச் சீமெந்து பூசி, துவாரம் ஒன்று விடாமல் அடைத்து, வெள்ளையடித்து, மஞ்சள் கோடும் இழுத்தார்கள். நானா போய்த் தடுத்தபோது கொந்தராத்துக்காரர் சிரித்தாராம். ஓட்டை தெரிந்தால் போட்டோவில் அசிங்கமாக விழுமாம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நானா நேரே என் மேசைக்கு வந்து தமிழில் எழுதித் தந்தார். 'வேலையை இன்றே நிறுத்த வேண்டும். துவாரங்களைத் திறக்காவிட்டால் வரும் மாரியில் நடு வளைவு விழும். சனம் சாகும்.' மேலிடத்துக்குத் தமிழில் அனுப்பினால் அது கோப்புக்குள்ளேயே கிடந்து செத்துவிடும். ஆகவே கந்தோரில் எல்லாருடைய கடிதங்களையும் சிங்களத்தில் ஆக்குவது என் பாடு. நானாவுக்குக் கூலியாட்களோடு கதைக்கும் சிங்களம் மட்டும்தான் தெரியும். எழுத்து வாசிக்கத் தெரியாது.

அந்த மாதம்தான் என்னை வேலையில் நிரந்தரமாக்கும் கடிதம் இஞ்சினியரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. கொந்தராத்தைக் கொடுத்தவரும் அதே இஞ்சினியர். நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'வசதிப்படும்போது துவாரங்கள் குறித்துக் கவனம் செலுத்துவது நன்று எனப் பணிவுடன் தெரிவிக்கிறேன்.' தூ!

"காரமா எழுதினீங்கதானே தம்பி?" என்று கேட்டார்.

"ஓம் நானா" என்றேன். அவர் அடியில் கையெழுத்து வைத்தார்.

அதற்குப் பிறகும் கம்பியோடு பாலத்துக்குப் போனவரை, பூச்சைக் கொத்தினால் வேலை போய்விடும் என்று இஞ்சினியர் கூப்பிட்டு ஏசினார். பரவாயில்லை, கடிதம் போயிருக்கிறது, வந்து பார்ப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு நானா காத்திருந்தார். அந்தக் கடிதத்தை நம்பித்தான் கம்பியைக் கீழே வைத்தார்.

மாரி பிடித்தது. பக்கச் சுவர்கள் வெளியே பிதுங்கின, வெள்ளைப் பூச்சு வெடித்தது. ஒரு காலையில் நடு வளைவு கீழே ஓடும் ஓயாவுக்குள் இறங்கிவிட்டது. மீன் பெட்டியோடு சைக்கிளில் வந்த அக்கரை மனிதர் ஒருவரும் அதோடு விழுந்து இடுப்பொடிந்தார். பிறகு அவர் எழும்பி நடக்கவேயில்லை.

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து தமிழ் தெரியாத ஒரு அதிகாரி வந்தார். மொழிபெயர்க்க என்னைத்தான் நிறுத்தினார்கள். பாலத்துக்குப் பொறுப்பாக இருந்தும் ஆபத்து என்று ஏன் எச்சரிக்கவில்லை என்று அதிகாரி நானாவைக் கேட்டார். எச்சரித்தேன், கடிதம் இருக்கிறது என்றார் நானா. அதிகாரி கோப்பைப் புரட்டி, என் சிங்களக் கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். இவர் எழுதியது இதுதானா என்று தமிழில் வாசித்துக் காட்டி, அவர் வாயால் கேட்டுச் சொல் என்றார்.

உண்மையைச் சொல்ல அல்லாஹ் எனக்குத் தந்த இடம் அது. நான் அந்தக் காகிதத்தை வாசிப்பவன்போலப் பார்த்தபடியே, நானா முன்பு தமிழில் எழுதித் தந்ததைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன். வேலையை இன்றே நிறுத்த வேண்டும். நடு வளைவு விழும். சனம் சாகும்.

நானா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஓம். அதுதான் நான் எழுதினது. ஒரு சொல்லும் மாறல்ல" என்றார். கோப்பிலிருந்த சிங்களக் கடிதத்தை ஏற்றுக்கொள்கிறார் என்று அதிகாரி பதிந்தார். நானா அதிலும் கையெழுத்து வைத்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இருந்ததால என்ட கதை அவங்களுக்கு விளங்கிச்சு தம்பி" என்றார்.

இப்போது அங்கே கொங்கிறீட் பாலம் நிற்கிறது. திறந்து வைத்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கொந்தராத்துக்காரரை, இஞ்சினியரை, அந்தப் பெரிய மனிதரை நான் திட்டாத நாளில்லை. திட்டி முடித்ததும் என் முறை வரும். நான் நிரந்தரமாகி, உழைத்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். நானாவை, ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது, கடமை தவறியவர் என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்தக் கடிதமும் சிங்களத்தில்தான் வந்தது. என்னிடம்தான் கொண்டுவந்தார். அதை மட்டும் நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்துக் கொடுத்தேன்.