தொண்டையின் படம்

இந்த நாட்டில் யாரும் தண்ணீரை அண்ணாந்து குடிப்பதில்லை. ஸ்காட்லாந்துக்கு வந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரி கான்டீனில், நம் ஊர் வழக்கப்படி தம்ளரை உதட்டில் படாமல் தூக்கி வாயில் ஊற்றினேன். பக்கத்து மேசையிலிருந்த நர்ஸ் எழுந்து வந்து என் முதுகில் ஓங்கித் தட்டினாள். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு நான் திணறுகிறேன் என்று நினைத்துவிட்டாள். "வாட்டர், வாட்டர்" என்றேன், குடிப்பது தண்ணீர்தான் என்று சொல்வதற்காக. அவள் ஓடிப்போய் இன்னொரு தம்ளர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றிலிருந்து தம்ளரை உதட்டில் வைத்துக் குடிக்க ஆரம்பித்தேன். எச்சில் என்ற நினைப்பு போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. அத்தனை சுலபமாகப் போனதே என்றுதான் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

எனக்குச் சொந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கத்தில் மானகிரி. அப்பா காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். அவர் குரல் கொடுத்தால் கண்டரமாணிக்கம் போகிற வண்டிக்காரர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவருவார்கள். எக்ஸ்ரே படிப்பு முடித்து அறுபதுகளின் கடைசியில் நான் கப்பல் ஏறியபோதும் அந்தக் குரல் அப்படியேதான் இருந்தது. பிறகு வள்ளியக்கா கடிதங்களில் ஒவ்வொன்றாக வந்தது. அப்பாவுக்கு வலது கை நடுங்குகிறது. நடை சின்னதாகிவிட்டது. பேசினால் பக்கத்தில் போய்த்தான் கேட்க வேண்டியிருக்கிறது. மதுரை டாக்டர் பார்க்கின்சன் என்று சொல்லிவிட்டார். தண்ணீர் குடித்தால் இருமுகிறார் என்று ஒரு கடிதத்தில் இருந்தது. இருமல்தானே என்று நினைத்துக்கொண்டு அதை மடித்து டிராயரில் வைத்தேன்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் பிரிவுக்கு ஒரு புதிய அல்ட்ராசவுண்ட் கருவி வந்தது. மற்றவை அசையாத படத்தைத்தான் காட்டும். இது உடம்புக்குள் அசைவதை அசைகிறபடியே காட்டியது. கர்ப்பிணிகளுக்காக வாங்கியது. வியாழக்கிழமை மதியங்களில் மட்டும் ஒரு பெண் டாக்டர் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார். பார்க்கின்சன் நோயாளிகள் விழுங்கச் சிரமப்படுவது ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். எக்ஸ்ரேயில் அதைப் பார்க்க நோயாளிக்கு மருந்துக் கரைசல் கொடுக்க வேண்டும், கதிர் பட வேண்டும். இதில் ஒலி அலைதான், ஒன்றும் செய்யாது, திரும்பத் திரும்பப் பார்க்கலாம் என்றார். வேலை ஆகுமா என்று அவருக்கே நிச்சயமில்லை. நான்தான் கருவியை இயக்கினேன்.

முதலில் வந்தவர் மிஸ்டர் லேர்ட். நெடுங்காலம் மீன்பிடிப் படகு ஓட்டியவர். அவர் மோவாய்க்குக் கீழே எண்ணெய் தடவிக் கருவியின் முனையை வைத்தேன். திரையில் நாக்கு ஒரு வெள்ளைக் கோடாக வளைந்து தெரிந்தது. டாக்டர் அவருக்கு ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்து, தான் சொன்னதும் விழுங்க வேண்டும் என்றார். சொன்னார். கோடு எழுந்தது, பாதியில் தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. முன்னும் பின்னுமாக ஐந்தாறு தடவை ஆடியது. அதற்குள் தண்ணீர் தானாக வழிந்து உள்ளே போயிருக்க வேண்டும். கிழவர் இருமத் தொடங்கினார். கண்ணில் நீர் வந்தது. அடுத்து ஒரு கரண்டி கெட்டியான கஸ்டர்ட் கொடுத்தார்கள். தலையைக் குனிந்து, மோவாயை நெஞ்சுப் பக்கம் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நாக்கு அதே மாதிரிதான் ஆடியது. ஆனால் கஸ்டர்ட் அவசரப்படாமல் காத்திருந்து, ஒழுங்காக இறங்கியது. இருமல் இல்லை. தலையை அண்ணாத்திக் குடிப்பதுதான் இவர்களுக்கு ஆபத்து, தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், நிமோனியா வரும் என்றார் டாக்டர். அண்ணாந்தே குடிக்கிற ஊர் ஒன்று உண்டு என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே அக்காவுக்கு ஏரோகிராம் எழுதினேன். தண்ணீர், காப்பி, மோர், ரசம் எதுவும் கூடாது. எல்லாம் கேப்பைக் கூழ் பதத்தில் கெட்டியாக இருக்க வேண்டும். குனிந்துதான் விழுங்க வேண்டும். கோடு போட்டு, நம்பர் போட்டு எழுதினேன். அக்கா அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினாளாம். தலையைக் குனிந்து குடிக்கச் சொல்கிறானா, இதைத்தான் அங்கே போய்ப் படித்தானா என்று அப்பா கேட்டாராம். ஆனால் அம்மா கேட்டுக்கொண்டாள். நான் எழுதியது ஒன்றுவிடாமல் ஒரு வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் நடந்தது. இருமல் குறைந்துவிட்டது என்று அக்கா எழுதினாள். டாக்டரிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டார்.

அடுத்து வந்த ஒரு கடிதத்தின் அடியில் அப்பா தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தார். இந்த நோயில் எழுத்து போகப் போகச் சிறுத்துவிடும். முதல் எழுத்து கடுகளவு இருந்தது, கடைசி எழுத்து புள்ளி. படம் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துத்தான் படிக்க முடிந்தது. "காப்பி குடுக்கச் சொல்லு." அவ்வளவுதான். அதற்கு நான் பதில் எழுதவில்லை. அடுத்த ஏரோகிராமிலும் அக்காவுக்குப் பழைய விதிகளையே எழுதினேன்.

தந்தி வந்தது ஒரு வியாழக்கிழமை. மதியம் இரண்டு நோயாளிகள் இருந்தார்கள். பார்த்து முடித்தேன். முனையைத் துடைத்து வைத்தேன். அறைக்குப் போய் முட்டை அவித்துச் சாப்பிட்டேன். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. விமானம் பிடித்தாலும் காரியம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும் என்பதால் போகவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் பலருக்கு இந்தக் கணக்குத் தெரியும். அதை எத்தனை நிதானமாகப் போடுகிறோம் என்பதும் தெரியும்.

ஆறு மாதம் கழித்துத்தான் ஊருக்குப் போனேன். அம்மா இளைத்திருந்தாள். எனக்கென்று தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, தனிப் பானையில் மூடி வைத்திருந்தாள். நான் எல்லாரும் குடிப்பதையே குடிக்கிறேன் என்றேன். உனக்கு இப்போது இந்தத் தண்ணீர் ஆகாது என்று சொல்லிவிட்டாள். இரண்டாம் நாள் மத்தியானம், அக்கா கடைக்குப் போயிருந்தபோது, அம்மா அரிசி புடைத்துக்கொண்டே அப்பாவைப் பற்றிப் பேச்சை எடுத்தாள்.

"நீ எழுதுனபடிதான் எல்லாம் குடுத்தேன். கூழு, களி, கெட்டிக் கஞ்சி. ஒரு வருசம். தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருப்பாக. சத்தம் வராது, வாய் மட்டும் அசையும். நான் அங்குட்டுத் திரும்பிக்குவேன்."

முறத்தை நாலு தடவை தட்டிப் புடைத்தாள்.

"கடைசியா ஒரு நா, ஒரு சொம்பு பானைத் தண்ணி குடுத்தேன். தலையத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டேன். அண்ணாந்து, முழுசும் குடிச்சாக. இருமுனாக. மறுநா காய்ச்சல் வந்துருச்சு. அஞ்சு நாள்ல போயிட்டாக."

"ஏம்மா குடுத்தே?"

"கேட்டாகடா."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. என் பதிலுக்குக் காத்திருந்ததாகவும் தெரியவில்லை. உமியைத் தட்டிவிட்டு அடுத்த பிடி அரிசியை எடுத்தாள். ஒரு கோபமோ துக்கமோ எனக்கு வந்திருக்க வேண்டும். அம்மா செய்ததுதான் சரியோ என்று தோன்றியது. நான் எழுதியதும் தப்பில்லை என்றும் தோன்றியது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்த வாரம் டாக்டர் ஓர் உதவி கேட்டார். நோயாளிகளின் படங்களை ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் படம் வேண்டுமாம். நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்த முறை அவர் என் மோவாய்க்குக் கீழே எண்ணெய் தடவி முனையைப் பிடித்தார். ஒரு கரண்டி தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். விழுங்கச் சொன்னதும் வெள்ளைக் கோடு ஒரே தடவை எழுந்து, அலைபோலப் பின்னால் போய் அடங்கியது. நான் ஒன்றுமே செய்யாதது போல இருந்தது. நார்மல், ரொம்பத் தெளிவான படம் என்றார் டாக்டர். நன்றி சொன்னேன்.

திரையிலிருந்து எடுத்த போலராய்டு படம் காய்ந்ததும் அதன் பின்னால் ஆண், வயது முப்பத்தைந்து, நார்மல் என்று எழுதினார். ஆராய்ச்சிக் கோப்பில் பெயர் எழுதக் கூடாது என்பது விதி. மிஸ்டர் லேர்டின் படத்துக்குப் பக்கத்தில் அதை ஒட்டினார். மானகிரி வீட்டுச் சுவரில் அப்பாவின் படம் மாலையோடு தொங்குகிறது, வாயை இறுக்கி மூடிக்கொண்டு. என் தொண்டை இந்த ஊரில், ஓர் இரும்பு அலமாரியின் மூன்றாவது தட்டில், பெயர் இல்லாமல் இருக்கிறது.