புழுவை மறந்த பூஞ்சை

பூஞ்சை வளர்க்கும் கூடத்தில் அவளுக்குப் புழுக்காரி என்று பட்டப்பெயர். யாராவது அப்படிக் கூப்பிட்டால் பற்றிக்கொண்டு வரும். புழு என்றாலே குமட்டுகிறவளுக்கு வைக்கிற பெயரா இது!

வேலை என்னவோ சுத்தமான வேலைதான். வேகவைத்த நொய்யைப் பாலித்தீன் பையில் போட்டு, பூஞ்சை விதை தூவி, வாயைப் பஞ்சால் அடைத்தால் கொஞ்ச நாளில் பை முழுக்கப் பச்சைப் பசேலென்று பூத்துவிடும். அந்தப் பொடியை எருவோடு சேர்த்து மண்ணில் கலந்தால், வேரைத் தின்னும் புழு நோய் கண்டு சாகும். தொல்லை ஒன்றுதான். விதைக்கென்று கண்ணாடித் தட்டிலேயே திரும்பத் திரும்ப வளர்த்துக்கொண்டு போனால் பூஞ்சை சொகுசு கண்டு, கொல்வதையே மறந்துவிடும். அதனால் அவ்வப்போது உயிருள்ள புழுவுக்கு நோயைக் கொடுத்து, அது செத்து விறைத்து உடம்பெல்லாம் பச்சை பூத்தபின், அதைச் சுரண்டித்தான் அடுத்த விதை எடுக்க வேண்டும். அந்த வேலை அவள் தலையில் விடிந்தது.

இடுக்கியால் எடுக்கும்போதே, விறைக்காமல் அழுகிப்போன சில புழுக்கள் உடைந்து கொழகொழவென்று வழியும். சீ! ராத்திரி சோறு இறங்காது. ஒரு கட்டத்தில் அவள் புழுப்பெட்டி பக்கமே போகவில்லை. பழைய தட்டிலிருந்தே விதை எடுத்தாள். பைகள் எப்போதும்போல் பச்சையாகத்தான் பூத்தன. "ஜோரா வந்திருக்கே!" என்றார் மேனேஜர்.

அந்தப் பொடியைத்தான் அவளுடைய அக்கா கடலைக் கொல்லை முழுக்கப் போட்டிருந்தாள். கடலையை விட்டால் அக்காவுக்கு வேறு பிழைப்பு இல்லை. செடியெல்லாம் வாடுகிறது என்று அக்கா போனில் அழ, அவள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

அக்கா ஒரு செடியைப் பிடித்ததும், வேரே இல்லாமல் கையோடு வந்தது. அடியில் கொழுத்த வெள்ளைப் புழுக்கள், முதுகில் பச்சைப் பொடியோடு, பவுடர் பூசிக் கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல் நெளிந்தன.

"நான்தான்டி சரியா கலக்கல போல," என்றாள் அக்கா. "எருவுல ஈரம் பத்தலையோ என்னமோ. உன் மருந்தை நான் குறை சொல்லல."

புழுவைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அதிகம் அருவருப்பு வந்தது. "மருந்துலதான்க்கா குறை," என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். "செத்த புழுவைத் தொடப் பிடிக்கல. அதான்..."

அக்கா கத்தவில்லை. மண்ணில் நெளிந்த புழு ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் போட்டாள்.

"விடிஞ்சு எழுந்தா இதைத்தான் பொறுக்குறேன். இந்தக் கையாலதான் பாப்பாவுக்கு ஊட்டுறேன். அவ மூஞ்சியத் திருப்பிக்கிறா."

அவள் தானும் பொறுக்கலாம் என்று குனிந்தாள்.

"நீ தள்ளுடி," என்றாள் அக்கா. "உனக்குத்தான் ஆகாதே."