கன்டிகுவஸும் ஒரு கல்லாங்காடும்

எங்கள் தலைமையாசிரியரின் அகராதியைத் திறந்தால் முதலில் வருவது எழுத்து அல்ல, தும்மல். ஓயாமல் மூக்குப்பொடி போடும் அவர், போட்ட விரலாலேயே பக்கங்களையும் புரட்டுவார். காரமும் பழுப்புக் கறையும் ஏறிய அந்த இங்கிலீஷ்-தமிழ் அகராதியை, எட்டாவது படித்துக்கொண்டிருந்த நான், ஒரு சாயங்காலம் மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரே ஒரு சொல்லுக்காக.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று மேலே பேச்சு நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ஆந்திராவில் விழுந்துவிட்ட, நகரிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் தமிழ்தான். ஆனால் எங்களுக்கும் மெட்ராஸ் பக்கத்துக்கும் நடுவில், தெலுங்கு பேசும் நாயுடுமார் ஊர் ஒன்றின் நிலம் நாக்கு மாதிரி நீண்டு கிடந்தது. ஊர்ப்பள்ளி எட்டாவதோடு சரி. டவுன் ஹைஸ்கூலில் இனித் தமிழ்ப் பிரிவு இருக்காது என்று பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெலுங்கு சண்டை போடும் அளவுக்கு வரும், எழுத வராது. அப்பாவை நாங்கள் ‘நைனா’ என்போம்; அவர் தீர்த்துச் சொல்லிவிட்டார்: “ஊரு அந்தாண்ட போய்ட்டா அங்க தமிழ் ஹைஸ்கூல் தொறப்பாங்க, உன்ன சேக்கறேன். இல்லாங்காட்டி ஊட்டோட கெட.” பெரியவர்களுக்கு எல்லை என்பது அரசியல், எனக்கு அது பள்ளிக்கூடமா அடுப்படியா என்பதுதான். அந்த மாதங்களில் சமையல்கட்டுக்குள் நுழைந்தாலே யாரோ வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடப்போவது போல இருக்கும் எனக்கு.

மெட்ராஸோடு சேர்க்கச் சொல்லி ஊரார் போட்ட மனுவுக்குப் பதிலாக இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தது. தலைமையாசிரியர் சர்க்கார் சம்பளக்காரர், அவரிடம் காட்டவேண்டாம் என்று நைனா அதை என் கையில் கொடுத்தார். தமிழ் பேசும் ஊர்கள், மெட்ராஸ் எல்லைக்குக் ‘கன்டிகுவஸ்’ ஆக இருந்தால், அந்தப் பக்கம் சேர்ப்பது பற்றி யோசிக்கப்படும் என்பதுவரை தட்டுத்தடுமாறி வந்துவிட்டேன். அந்த ஒரு சொல்லில்தான் நின்றேன். அகராதியில் தும்மித் தேடிக் கண்டுபிடித்து, “ஒட்டியிருக்கணுமாம் நைனா. தொட்டுக்கினு இருந்தா போதுமாம்” என்றேன்.

“தொட்டுக்கினு இருந்தா போதுமா?” என்று இரண்டு முறை கேட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்த நடு ஊர் நாயுடு மாமா வீட்டுக்குப் போனார். நடுவில் கிடந்த நாக்கில், எங்கள் ஊர் வரப்பிலிருந்து மெட்ராஸ் எல்லைவரை ஓடிய ஒரு கல்லாங்காடு அவருடையது. அதைத் தனக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குத் தன் கிணற்றுக் கழனியை எடுத்துக்கொள்ளச் சொன்னார் நைனா. அது எங்கள் ஊர்க்காரன் நிலமாகிவிட்டால் ஊரே எல்லையைத் தொட்டுவிடும் என்பது அவர் கணக்கு. “ஏமய்யா, நீக்கு பிச்சா?” என்று, பைத்தியமா பிடித்திருக்கிறது என்று கேட்டாராம் நாயுடு மாமா. கசக்குமா அவருக்கு, ஒப்புக்கொண்டார். அம்மாதான் குதித்தாள். “தண்ணி பாயற கழனிய குட்துட்டு கல்ல வாங்கினு வர்றியே, நாளைக்கு கல்லையா துன்னுவோம்?” நைனா காதில் வாங்கவில்லை. “எம் பொண்ணு இங்கிலீஷ் படிச்சி சொல்லிக்கீறா” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அகராதியைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று தலைமையாசிரியர் என்ன சொல் தேடினாய், எந்த வரியில் வந்தது என்று கேட்டார். சொன்னேன். அர்த்தம் மட்டும் தெரிந்தால் போதாது, எங்கே எப்படிப் பயன்படுகிறது என்று தெரியவேண்டும் என்று பலகையில் ஊருக்கொன்றாக மூன்று கட்டங்கள் வரைந்தார். எல்லை பற்றிய சர்க்கார் காகிதத்தில் ஒட்டியிருப்பது என்றால் ஊரின் எல்லை ஊரின் எல்லையோடு; யாருடைய நிலம் யாருடைய நிலத்தோடு என்பதல்ல என்றார். பத்திரம் எழுத இன்னும் மூன்று நாள் இருந்தது.

நான் சொல்லவில்லை. தலைமையாசிரியருக்கே தவறியிருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உண்மை அதுவல்ல, தெருவெல்லாம் என் பெருமை பேசிவிட்டு வந்து உட்கார்ந்திருந்த மனிதரிடம் நான் சொன்னது பாதிதான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பத்திரம் பதிவாகிவிட்டது.

நைனா அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, நிலக்கணக்கு எழுதும் கர்ணத்திடம் போனார். கர்ணம் ஊர்ப் படத்தை விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “நெலம் கை மாறும்யா, ஊர் எல்ல மாறுமா? நாயுடு ஊர்ல நீ ஒரு கல்லாங்காடு வெச்சிக்கினு கீற, அவ்ளோதான். எவன்யா உனக்கு இப்படி சொன்னது?”

நான் நைனாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “யாரும் சொல்லல. நானாத்தான் நெனச்சிக்கினேன்” என்றார்.

கோடு விழுந்தது. நாங்கள் இந்தப் பக்கமே நின்றுவிட்டோம். நானும் எட்டாவதோடு நின்றேன். கல்லாங்காட்டில் கொள்ளுப்பயிரைத் தவிர எதுவும் முளைக்கவில்லை. கொள்ளு பிடுங்கப் போகும்போதெல்லாம் நைனா என்னைக் கிழக்கு வரப்பில், மெட்ராஸ் எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பார்.

“கால நீட்டு. தொடுதா?”

“தொடுது நைனா.”

“அப்போ நீ சொன்னதுல தப்பில்ல கண்ணு.”

ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். கொள்ளுக் கட்டைத் தூக்கித் தலையில் வைக்கச் சொல்வார், வாயை மூடிக்கொள்வேன்.

நைனா இல்லை. கர்ணம் என்ற வேலையே இப்போது இல்லை. பள்ளியை இடித்துக் கட்டியபோது அகராதி எங்கே போனதோ தெரியாது. போன மாதம் ஆட்டோ பிடித்துக் கல்லாங்காட்டுக்குப் போனேன். அந்த இடம் முழுக்க மண் கொட்டி மட்டம் செய்து மனை போட்டிருக்கிறார்கள், எல்லைக்கல்லையும் காணோம். உத்தேசமாக ஓரிடத்தில் உட்கார்ந்து காலை நீட்டினேன். தொடுகிறதா என்று கேட்க ஆள் இல்லை. “எனக்கு முன்னாடியே தெரியும் நைனா” என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆட்டோக்காரப் பையன், நான் தன்னிடம் ஏதோ கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தெலுங்கில் என்ன என்று கேட்டான்.