கம்பளியோடு ஆறு கிலோ

பசங்களா, குண்டு, ஒல்லி என்று நீங்கள் ஒருத்தரை ஒருத்தர் சீண்டினால் அப்பாவுக்கு ஏன் அத்தனை எரிச்சல் வருகிறது என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு குளிர்காலம். கல்கத்தாவின் பெஹாலாவில் இருந்தோம். மூத்தவளுக்கு மூன்று மாதம். நீங்கள் காக்கிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு அம்மாவுக்கும் மூத்தவள் பிறந்த அதே வாரம்தான் பையன் பிறந்திருந்தான். மாதம் ஒரு ஞாயிறு தெருமுனை கிளப்புக்கு நர்ஸ் வந்து, கொக்கியில் தராசை மாட்டிக் குழந்தைகளை நிறுப்பார்.

உங்கள் அம்மா எல்லாவற்றையும் அவிழ்த்து, அரைஞாண் கயிறோடுதான் மூத்தவளைத் தராசில் போடுவாள். அந்தப் பையனோ குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், காலுறை, சால்வை என்று மூக்கு மட்டும் தெரிய வருவான். அவன் ஆறு கிலோ. இவள் ஐந்து.

"தாதா, பொண்ணு வாடிப் போயிட்டாளே. பவுதிக்குப் பால் பத்தலை. டப்பாப் பால் குடுங்க" என்றார் காக்கிமா. அவருக்கு நான் தாதா, அதாவது அண்ணன்; உங்கள் அம்மா பவுதி, அண்ணி.

"அவனையும் அவுத்துட்டு நிறுத்துப் பாருங்க."

"இந்தக் குளிர்லயா? நீங்களும் ஒரு அப்பாவா?"

நர்ஸ் சிரித்துக்கொண்டே அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மா, "ஏங்க, டப்பா வாங்கிட்டு வந்துடுங்க. நான் பால் குடுக்கறதை நிறுத்திடறேன்" என்றாள். கம்பளிக்கும் கனம் உண்டு என்று தொண்டை வறளச் சொன்னேன். கேட்டால்தானே. அடுத்த எடை வரை பொறு என்று கெஞ்சினேன். அந்த மாதம் முழுக்க, குழந்தை சிணுங்கினால் போதும், டப்பாப் பேச்சு வந்துவிடும்.

அடுத்த முறை காக்கிமா பின்னிக் கொடுத்த குல்லா, ஸ்வெட்டர் எல்லாம் மூத்தவள் மேலும் ஏறின. போட்டுவிட்டது உங்கள் அம்மாவேதான்.

"ஆறு கிலோ" என்றார் நர்ஸ்.

"பாத்தீங்களா தாதா" என்றார் காக்கிமா, ஏதோ தானே ஊட்டி வளர்த்த மாதிரி. உங்கள் அம்மா ஒரு மாதம் கழித்து அன்றுதான் சிரித்தாள். டப்பாப் பேச்சும் அதோடு போயிற்று. எனக்குத்தான் கணக்கு உதைத்தது. ஏறிய ஒரு கிலோவும் கம்பளியாகவே இருந்தால்? பால் போதாமல் பிள்ளை அப்படியே நின்றிருந்தால், டப்பாவைத் தடுத்தவன் நான்தானே.

வீட்டில் குழந்தைக்கு உடுப்பு மாற்றியதும், அந்தக் கம்பளி எல்லாவற்றையும் நர்ஸ் எடை குறித்துத் தரும் அட்டையோடு பையில் போட்டுக்கொண்டு கிளப்புக்குத் திரும்பினேன். எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். தராசு சும்மா தொங்கியது. துணிகளை அதில் வைத்தேன். முள் ஆடி ஆடி நானூறு கிராமில் நின்றது.

மீதி அறுநூறும் பிள்ளை.

அட்டையின் பின்பக்க மூலையில், பென்சிலால் சின்னதாக 5.600 என்று எழுதினேன்.