ஜுவாரியாவும் நாலாம் பாகமும்

இந்தோனேசியாவின் சுரபாயா நகரத்துப் பழைய புத்தகத் தெருவில் யாரிடம் கேட்டாலும் ஜுவாரியாவின் கடையைக் காட்டுவார்கள். கூடவே ஓர் எச்சரிக்கையும் வரும்: "ஒத்தைப் பாகம் கேட்டுராதீங்க. அந்தம்மா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கும்."

தேச வரலாற்றுத் தொகுதிகளை அவள் பாகம் பாகமாகத் தேடிச் சேர்ப்பாள், முழுதாகத்தான் விற்பாள். காலி செய்கிற வீடு, அலமாரி மாற்றுகிற பள்ளிக்கூடம், எடைக்குப் போடுகிற குடோன் என்று எங்கெங்கோ புகுந்து, இங்கே ஒரு முதல் பாகம், அங்கே ஒரு மூன்றாம் பாகம் என்று தூக்கி வருவாள். ஒரு பாகம் குறைந்த தொகுதிக்கு அந்தத் தெருவில் 'ஒம்போங்' என்று பெயர், பொக்கை வாய். தன் கடையில் ஒம்போங் கிடையாது என்பது அவளுடைய கர்வம். கூரை ஒழுகினால் தன் தலையை நனையவிட்டுப் புத்தகத்துக்குத் தார்ப்பாய் போடுகிறவளுக்கு அந்தக் கர்வமாவது இருக்கக் கூடாதா?

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற வாகிமின், தெருவுக்கே 'பாக்', அதாவது ஐயா, அவளிடம் ஆறு பாகமும் வாங்கிப் போனார். மறு வாரமே இரண்டு பாகங்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான்.

"அம்மா, உங்க புஸ்தகத்துல ஜப்பான்காரனே வரலையே."

"அதெப்படி பாக் வராம இருப்பான்? மூணரை வருசம் நம்மளைப் பிழிஞ்சு எடுத்தவனாச்சே."

"நாலாம் பாகம் டச்சுக்காரன் தோக்குறதோட முடியுது. அஞ்சாம் பாகத்தைத் திறந்தா சுதந்திரம் வந்துருச்சு. நடுவுல ஒண்ணுமே இல்ல."

ஜுவாரியா இரண்டையும் பிரித்துப் பார்த்தாள். பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று. பழைய பதிப்பில் ஜப்பான்காலம் ஐந்தாம் பாகத்தின் தொடக்கத்தில் இருந்தது. புதிய பதிப்பில் அதை நாலாம் பாகத்தின் கடைசிக்கு மாற்றிவிட்டார்கள். அவள் கொடுத்ததோ பழைய நாலும் புதிய ஐந்தும். அட்டை ஒன்று, அளவு ஒன்று, எண்களும் வரிசையாக இருந்தன. வருஷங்கள்தான் நடுவில் விழுந்துவிட்டன. அவசரக்காரர்கள் இப்படித் தப்பு செய்ய மாட்டார்கள். ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்க்கிறவளுக்குத்தான் இது நேரும்.

எதிர்க்கடை மூர்சித் கடலை கொறித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "என்னக்கா, பல்லெல்லாம் வரிசையா இருந்துச்சே, கட்டுப்பல்லா?"

"நீ சும்மா இருடா. உன் கடையில ஈறே கிடையாது." பிறகு வாகிமினைப் பார்த்து, "தப்பு என்னோடது பாக். புஸ்தகத்தைக் குடுத்துட்டுப் பணத்தை வாங்கிக்கங்க," என்றாள்.

"பணம் வேணாம்மா. அந்த மூணரை வருசம் வேணும்." அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "எங்கப்பாவைக் கூலி வேலைக்குப் பிடிச்சுட்டுப் போனப்ப நான் அம்மா வயித்துல. பர்மா பக்கம் தண்டவாளம் போடன்னு சொன்னாங்களாம். திரும்பவே இல்ல. நோன்புக்கு முன்னாடி ஊரே செத்தவங்க கபர்ல போய்ப் பூ தூவும். நாங்க மட்டும் வீட்டுல இருப்போம். எழுத்துலயாவது இருக்காரான்னு பாக்கத்தான் வாங்குனேன்."

ஜுவாரியா அதற்குப் பிறகு வேறு வியாபாரமே பார்க்கவில்லை. தெரு முழுக்கக் கேட்டாள். மூர்சித்தே மாலாங், ஜொம்பாங் ஊர்க் கடைகளுக்கும் போன் போட்டான். புதிய பதிப்பின் நாலாம் பாகமும் இல்லை, பழைய பதிப்பின் ஐந்தாம் பாகமும் இல்லை. நோன்பு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

புதிய நாலாம் பாகம் இருந்தது ஒரே இடத்தில்தான்: அவள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில். செத்துப்போன கணவன் டுல்லா வாங்கி வைத்த தொகுதி, ஆறும் ஒரே புதிய பதிப்பு. எவ்வளவு கஷ்டத்திலும் அதை விற்கக் கூடாது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். தொகுதியை உடைப்பதை அவள் பாவமாகவே நினைத்தாள். ஒருமுறை மூர்சித் அப்படி உடைத்து விற்றபோது ஒரு மழைக்காலம் முழுக்க அவனோடு பேசவில்லை.

அந்த மூர்சித்தின் கண்முன்னால்தான் ஒரு நாள் காலையில் நாலாம் பாகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் கடலையை மறந்தான்.

"டுல்லா அண்ணன் தொகுதியையா உடைச்சே? ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தா முடிஞ்சுபோச்சு."

"அப்பனைத் தேடி வந்தவருக்கு நகலையா குடுக்கச் சொல்றே?"

"வீட்டுல ஒம்போங் ஆயிடுச்சேக்கா."

"ஆகட்டும்," என்றாள்.

தகவல் கேட்டு வந்த வாகிமின் கடையிலேயே உட்கார்ந்து படித்தார். ஜப்பான்காலத்துக்குச் சில பக்கங்கள். கூலிக்குப் பிடித்துப் போனவர்களுக்கு அதில் ஒரே ஒரு பத்தி. ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டனர், பெரும்பாலோர் திரும்பவில்லை. பெயர் ஒன்றுகூட இல்லை. தோளுக்கு மேலாகப் படித்த ஜுவாரியா மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்: இந்த ஒரு வரிக்கா இத்தனையும்?

வாகிமின் விரலை அந்த வரியிலிருந்து எடுக்கவில்லை. "இருக்காரும்மா," என்றார். "இந்தப் 'பெரும்பாலோர்'ல எங்கப்பா இருக்காரு." பிறகு தயங்கி, "பேனா இருக்குமா?"

புத்தகத்தில் பென்சில் கோடு போட்டவனைக்கூடத் தெருமுனை வரை துரத்திப் போயிருக்கிறாள் ஜுவாரியா. இப்போது தன் பேனாவை எடுத்து நீட்டினாள். தாள் நகராமல் இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்த வரியின் ஓரத்தில் அவர் மெதுவாக அப்பாவின் பெயரை, 'தஸ்ரிப்' என்று எழுதினார். மை காயும்வரை இருவரும் புத்தகத்தை மூடவில்லை.