கோன் செட் என்ன கலரு?

வேலம்பாளையத்துல எங்க லைன் ஊட்டுக்குக் குடி வந்து போனவங்க எத்தனையோ பேருங்க. காசிமாயன் மாதிரி ஒரு வண்டிப் பைத்தியத்தை நான் பாத்ததில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரரு, பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர். எதுக்கும் தலையாட்டுற மனுசன், அந்தப் பழைய மெரூன் கலர் பைக் விசயத்துல மட்டும் யாரு பேச்சும் கேக்க மாட்டாரு. கல்யாணம் முடிச்சு சம்சாரம் பாண்டியம்மாளை அதுலதான் உக்கார வச்சு ஊருக்குள்ள கூட்டிட்டு வந்தாராம். நான் வாசல் கூட்டறப்பத்தான் அந்த வண்டி புகையைக் கக்கும். எனக்கு அதும்மேல ஆத்திரம்தான், மறைக்கறதுக்கு என்ன இருக்குது.

போன மாசம் மண்ணரைகிட்ட முன் பிரேக்கைப் புடிச்சிருக்காரு. ஹேண்டிலுக்கு அடியில டக்குன்னு ஒரு சத்தம், கூடவே ஹேண்டிலும் ஒரு ஆட்டம். பின்னால இருந்த பாண்டியம்மா அங்கியே எறங்கி பஸ் புடிச்சு வந்துட்டா. ஓவர்லாக் டெய்லரு அவ, வாயும் அந்த மிசின் மாதிரிதான்.

"இந்தா பாருங்க, ஞாயித்துக்கெழம தாராபுரத்துல உங்க அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில வச்சுத்தேன் குத்தணும். அதுக்குள்ள இது சரியானா ஒண்ணாப் போவோம். ஆகலைன்னா நான் பஸ்சுல வாரேன், திங்கக்கெழம வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போகணும். அம்புட்டுத்தேன்."

காசிமாயன் மொகம் சுண்டிப் போச்சுங்க.

சனிக்கெழம மத்தியானமே வந்து எங்க வாசல்ல வண்டியைப் பிரிச்சுப் போட்டாரு. "மெக்கானிக்குகிட்ட உடலாமில்ல தம்பி"ன்னேன். "என் வண்டிய நாந்தேன் பிரிப்பேன், அக்கா"ன்னுட்டாரு. இஞ்சினுக்கு அடியில செங்கல்லை முட்டுக் குடுத்து, முன் சக்கரத்தைக் கழட்டி, சக்கரத்தைத் தாங்கற ஃபோர்க்கைக் கீழ உருவினாரோ இல்லையோ, பொடிப்பொடி இரும்புக் குண்டா கிரீசோட உருண்டு வாசலெல்லாம் ஓடுது. எங்க கோழி ஒண்ணைக் கொத்திப் பாத்துட்டு என்னைய மொறைச்சுட்டுப் போச்சு. குண்டு உக்கார்ற கிண்ணமெல்லாம் பள்ளம் பள்ளமாத் தேஞ்சு கெடந்துது. ஆட்டம் இங்கிருந்துதான் வருது, குண்டும் கிண்ணமுமா மொத்தத்தையும் மாத்தோணும், அதுக்குக் கோன் செட்டுன்னு பேரு, அப்படின்னாரு.

கையெல்லாம் கிரீசு. நாந்தான் போனை அவரு காதுல வச்சேன். அந்தப் பக்கம் மிசின் சத்தம் காதைக் கிழிக்குது.

"பாண்டி, வரும்போது ஒரு கோன் செட் வாங்கிட்டு வா."

"என்ன கலரு?"

அவ நக்கல் பண்றான்னு நெனைச்சுட்டு இவரும், "வண்டி கலருதேன்"ன்னு சிரிச்சுட்டு வச்சுட்டாரு.

பொழுது சாயறப்ப வந்தா. பையைக் கவுத்தா, அத்தனையும் மெரூன் கலர் நூல்கோன். ஓவர்லாக்ல உக்கார்றவளுக்குக் கோன்னா வேற என்னங்க?

காசிமாயன் நூலைப் பாக்குறாரு, பிரிஞ்சு கெடக்குற வண்டியைப் பாக்குறாரு. "இது எதுக்குத்தா?"

"சீட்டுக் கவர் கிழிஞ்சு கெடக்கே, அதைத் தைக்கக் கேட்டீங்கன்னு நெனைச்சேன்."

நான் சிரிச்ச சிரிப்புல இடுப்பே புடிச்சுக்கிச்சு. ஆனா ஸ்பேர் கடை ராஜவேலு சித்த நேரத்துல ஷட்டரை இழுத்துருவானே. எம்பட ஸ்கூட்டியை எடுத்து, காசிமாயனைப் பின்னால ஏத்தி முடுக்கினேன். "பள்ளம் அக்கா, மெதுவா அக்கா"ன்னு போற வழியெல்லாம் பொலம்பல். பின்னால உக்கார்றவ படற வெசனம் அன்னைக்குத்தான் அந்த மனுசனுக்குத் தெரிஞ்சுது.

புது செட்டை கிரீஸ் தடவி மாட்டியாச்சு. அப்பறம் வந்துதுங்க வம்பு. மேல இருக்கற நட்டை முறுக்குனா ஹேண்டில் கல்லுல செதுக்கி வச்ச மாதிரி அசையாம நிக்குது. எளக்குனா மறுபடியும் டக்கு. முறுக்கறாரு, எளக்கறாரு, வேர்த்து ஊத்துது. சீட்டுக்குக் கவர் தைச்சுட்டு இருந்த பாண்டியம்மா ஊட்டுத் தையல் மிசினை நிறுத்திட்டு எந்திரிச்சு வந்தா.

"டென்ஷன் வைக்கத் தெரியல உங்களுக்கு. தள்ளுங்க. நூலுன்னா இழுத்தா வரணும், ஆனா தொங்கக் கூடாது."

ஒரு கையில ஃபோர்க்கைப் புடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பாத்துட்டே, இன்னொரு கையில ஸ்பேனரை மெல்ல, மிசினுக்கு நூல் டென்ஷன் திருகற மாதிரியே திருகுனா. சத்தம் நின்ன எடத்துல கையை எடுத்துட்டா. ஹேண்டிலை ஒரு வெரலால தட்டுனா, அது பாட்டுக்கு இந்தப் பக்கம் சாஞ்சுது, தட்டுனா அந்தப் பக்கம் சாஞ்சுது. காசிமாயன் ஃபோர்க்கைப் புடிச்சு உலுக்கு உலுக்குன்னு உலுக்குனாரு. ஒரு சத்தமில்லை. எனக்கே சந்தோசமாப் போச்சுங்க.

ஞாயித்துக்கெழம காலையில புதுக் கவர் போட்ட சீட்டுல, சீர்த் தட்டுப் பையை மடியில வச்சுட்டுப் பாண்டியம்மா ஏறி உக்காந்தா. எனக்கு நாக்கு நமநமன்னுது.

"ஏங் கண்ணு, திங்கக்கெழம இரும்புக் கடைக்குப் போற வண்டிக்கு, சனிக்கெழம யாராச்சும் கலரு கேட்டு நூல் வாங்குவாங்களா?"

"சும்மா இருங்கக்கா"ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. காசிமாயனுக்கு அப்பத்தான் ஒறைச்சுது போல. கண்ணாடில அவளையே பாத்துட்டு, வண்டியை எடுக்காம நின்னாரு. "காதுகுத்துக்கு நேரமாச்சு, கெளம்புங்க"ன்னு அவ அவரு தோள்ல கையைப் போட்டா.

கெளம்புனப்ப அத்தனை புகையும் எம்மூஞ்சிலதான் அடிச்சுது. அன்னைக்கு ஒரு நாளு நான் ஒண்ணும் சொல்லலைங்க.