சைக்கிளில் வந்த குடிகாரன்

பதினொரு வருடமாக நான் வேலைக்குச் சைக்கிளில் போகிறேன். பியர்ஃபோன்ஸில் வீடு, புவாண்ட்-கிளேரில் வேலை. போக எட்டுக் கிலோமீற்றர், வர எட்டு. வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கும். எங்கள் பக்கத்திலிருந்து போகும் முதல் பஸ் ஆறு இருபதுக்குத்தான் என்னை அங்கே இறக்கிவிடும். தினமும் இருபது நிமிடம் பிந்தி வருகிறவனை யாரும் வேலைக்கு வைத்திருக்க மாட்டார்கள்.

மைனஸ் இருபத்தைந்தில் சைக்கிள் ஓடுவதைச் சிலர் வீரம் என்கிறார்கள். ஓடிப் பார்த்தால் தெரியும். பனியில் வழுக்காமல் ஆணி பதித்த டயர், காலுறைக்கு மேல் பால் வாங்கிய பை, அதற்கு மேல் இன்னொரு காலுறை, கண்ணுக்குப் பழைய கடையில் வாங்கிய பனிச்சறுக்குக் கண்ணாடி. மூச்சு கழுத்துத் துணியில் பட்டுக் கட்டியாகிவிடும். இமை இமையோடு ஒட்டும். பனி வாரும் வண்டி வாரியதையெல்லாம் வீதி ஓரத்தில்தான் தள்ளிவிட்டுப் போகும், சைக்கிள்காரன் போவதும் அந்த ஓரத்தில்தான். எனக்கு விரல்களை விடப் பல்தான் தொல்லை. வலது பக்கம் கீழே ஒரு சொத்தைப் பல். சென்-ஜான் வீதி நெடுஞ்சாலைக்கு மேலாகப் போகும் பாலத்தில் ஏறினால், காற்று கம்பளியைத் துளைத்துக்கொண்டு வந்து அந்தப் பல்லைப் பிடிக்கும். அதற்காக வாயில் ஒரு கராம்பை அடக்கிக்கொண்டு போவேன்.

கோடையில் இன்னொரு விதம். போகும்போது தாங்கலாம். பிற்பகல் இரண்டரைக்கு வேலை முடிந்து வெளியே வரும்போது நிழல் என்று ஒன்று அந்தப் பகுதியிலேயே இருக்காது. தார் காலில் சுடும். கண்ணுக்குள் வேர்வை இறங்கிச் சிவந்துபோகும். போத்தலை ஈரத் துணியால் சுற்றி வைத்திருப்பேன், இல்லாவிட்டால் தண்ணீர் தேநீராகிவிடும்.

வீட்டில் ஒரு கார் இருக்கிறது. அதை ஓடுவது என் மனைவி. அவள் முதல் தரமே பாஸ். நான் நாலு தரம் லைசென்ஸ் ரெஸ்ற்றுக்குப் போய் நாலு தரமும் பெயில். எனக்கு ஓடத் தெரியாமல் இல்லை. தெரியாத ஒருவர் பக்கத்து இருக்கையில் பேனையும் தாளுமாக இருந்து என்னைப் பார்த்து எழுதத் தொடங்கினால் கை என் சொல்லைக் கேட்காது. மூன்றாம் தரம் பச்சை விளக்கில் நிறுத்திவிட்டு நின்றேன். அந்த மனிதர் "பச்சை, பச்சை" என்று பிரெஞ்சில் சொல்லச் சொல்ல நின்றேன். நாலாம் தரம் நடைபாதையில் ஏற்றினேன். ஐந்தாம் தரம் போகவில்லை. இது எனக்கும் மனைவிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கொண்டாட்டம் முடிந்து வெளியே வரும்போது ஆண்கள் கார்த் திறப்பை மனைவியின் கையில் கொடுப்பார்கள். குடித்திருக்கிறார், அவ்வளவுதான், அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் பட்டப்பகலில், காய்கறிக் கடைக்குப் போகும்போதும் மனைவி ஓடக் கணவன் பக்கத்தில் இருந்தால் அது வேறு. அந்த மனிதன் குடித்துவிட்டு ஓடிப் பொலிஸில் பிடிபட்டிருக்கிறான், லைசென்ஸ் பறிபோய்விட்டது என்று அர்த்தம். அவன் மழை பனி பார்க்காமல் சைக்கிளிலும் திரிந்தால் சந்தேகமே வேண்டாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். என்னையும் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது.

வேலையிடத்தில் மட்டக்களப்புப் பெடியன் ஒருவன் இருந்தான். காலையில் நான் உறைந்த கால்களோடு தடுமாறி உள்ளே வந்தால் சிரிப்பான்.

"அண்ணை, இந்தக் குளிருக்கை சைக்கிள் ஓடுறதெண்டா உள்ளுக்கை ஏதோ சூடாப் போகுதுபோல."

"தேத்தண்ணிதான்" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

எங்கள் மேற்பார்வையாளரும் யாழ்ப்பாணத்தவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், எல்லாருக்கும் அண்ணை. இல்-பிசாரில் வீடு வாங்கியிருந்தார். அவரும் சென்-ஜான் வீதியால்தான் வேலைக்கு வருவார். ஒருநாள் பனியில் காரை நிறுத்தி, "ஏறும் தம்பி, சைக்கிளைப் பின்னாலை போடுவம்" என்றார். கால் மணி நேரம் அவர் பக்கத்தில் இருந்து என்ன கதைப்பது என்று எனக்குப் பயமாக இருந்தது. "பரவாயில்லை அண்ணை" என்று சொல்லி மிதித்துக்கொண்டு போனேன். அவர் பிறகு கேட்கவில்லை.

என் வேலை கொள்கலன் இறக்குவது. துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளை லொறி பின்பக்கமாகக் கொண்டுவந்து கிடங்குக் கதவில் பொருத்தும். நாங்கள் உள்ளே போய்க் கையால் இறக்க வேண்டும். மாசியில் அந்த இரும்பு குளிர்சாதனப் பெட்டி, ஆடியில் பாண் சுடும் போறணை. சைக்கிளில் பட்டதையே எட்டு மணித்தியாலம் நின்றுகொண்டு படுவதுபோல. ஐம்பது தாண்டிவிட்டது, முழங்கால் இரண்டும் சத்தம் போடத் தொடங்கிவிட்டன. ஒரு கோடையில், பெட்டி தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓடுவதற்கு ஓர் இடம் வந்தது. அதற்குக் கார் லைசென்ஸ் தேவையில்லை, அவர்களே இரண்டு நாள் பழக்குவார்கள். அது மட்டுமல்ல. அந்த மெசினில் ஒரே ஓர் இருக்கைதான். பக்கத்தில் எவரும் இருக்க முடியாது. எனக்காகவே செய்த வாகனம் அது என்று நினைத்தேன். பட்டியலில் பெயர் எழுதினேன். பெயர் எழுதியவர்களில் நான்தான் பழைய ஆள்.

இடம் மட்டக்களப்புப் பெடியனுக்குப் போனது. அவன் வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான்.

அன்று வெக்கையில் ஆட்கள் மாறி மாறி வெளியே போய் மூச்சு வாங்கினார்கள். அண்ணை என்னைக் கதவுக்கு அங்காலே கூப்பிட்டார்.

"கோவிக்காதையும் தம்பி. மனேச்சர் என்னட்டைத்தான் கேட்டவர். நான்தான் வேண்டாமெண்டனான்."

"ஏன் அண்ணை?"

"ஏனோ? ஒராளை இடிச்சுப்போட்டு நிண்டா நானெல்லோ பதில் சொல்லவேணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உமக்கு லைசென்ஸ் போனது எல்லாருக்கும் தெரியும். கண்ணைப் பாரும், என்ன சிவப்பு. ஒவ்வொருநாளும் விடியக் கராம்பு சப்பிக்கொண்டு வாறீர். காரிலை ஏறும் எண்டாலும் மணக்குமெண்டு ஏறுறேல்லை. நான் மனேச்சரிட்டை ஒண்டும் சொல்லேல்லை. முழங்கால் வருத்தம் எண்டுதான் சொன்னனான். உம்மைக் காட்டிக் குடுப்பனே?"

சொல்ல நினைத்தது ஒரே வசனம்: நான் ஒரு துளியும் தொட்டதில்லை. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்ப ஏன் சைக்கிள்? நாலு தரம் பெயிலானவன் என்று தெரிந்தால் எவர் மெசினில் ஏற்றுவார்? குடிகாரன் என்றால் திருந்தலாம். பெயிலானவன் எதிலிருந்து திருந்துவது?

நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்துவிட்டது.

"விடும். ஒரு வருசம் தொடாமல் இருந்து காட்டும். அடுத்த இடம் வந்தா நானே போய்க் கதைக்கிறன். விடுவீரோ?"

"ஓம் அண்ணை" என்றேன். "விட்டிட்டன்."

அந்தக் குளிர்காலம்தான் நான் பட்டதிலேயே மோசமானது. தினமும் காலையில் அண்ணை என் அருகே வந்து ஏதாவது கதை கேட்பார், என் மூச்சை மணந்து பார்க்கத்தான். முதல் வாரமே "இன்னும் என்ன கராம்பு? எதை மறைக்கிறீர்?" என்றார். கராம்பை விட்டேன். அந்தப் பாலத்தில் ஏறும்போது வலியில் சில நாள் சத்தம் போட்டு அழுதிருக்கிறேன். கண்ணீரும் கன்னத்தில் உறைந்துவிடும். தை மாதம் அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டேன். கண் சிவக்காமல் இருக்கச் சொட்டு மருந்து வாங்கி, வேலை தொடங்குமுன் கழிவறையில் நின்று விட்டுக்கொள்வேன். குடியை விடுவது கஷ்டம் என்பார்கள். குடிக்காத குடியை விடுவதும் சுலபமில்லை.

வசந்தத்தில், வருடம் முடியுமுன்பே, இன்னொரு இடம் வந்தது. சொன்னபடியே அண்ணை போய்க் கதைத்தார். பழக்கியவர் தூரத்தில் நின்று பார்த்தார், நான் ஒரு தட்டும் தட்டாமல் ஓடினேன். இப்போதும் அந்த மெசினில்தான் வேலை. நன்றாகவே ஓடுகிறேன்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆனியில் அண்ணை தன் வீட்டு முற்றத்தில் ஒரு பகல் விருந்து வைத்தார். மனைவி நல்ல சேலை உடுத்திக்கொண்டு காரை ஓடிவந்தாள். வேலை ஆட்களும் குடும்பங்களுமாக முப்பது பேர் இருக்கும். ஆண்களுக்குப் பியர் கொடுத்துக்கொண்டு வந்த அண்ணை என்னிடம் வந்ததும் போத்தலைத் தூக்கிப் பிடித்தார்.

"இவருக்குக் குடுக்கப்படாது! இவருக்கு மாம்பழ யூஸ்!" என் தோளில் கை போட்டார். "எல்லாரும் இவரைப் பாருங்கோ. எப்பிடி இருந்த மனுசன். நான் ஒரு சொல்லுத்தான் சொன்னனான், விட்டிட்டார். தங்கச்சி, இப்ப சந்தோசம்தானே?"

கடைசிக் கேள்வி என் மனைவிக்கு. சிலர் கை தட்டினார்கள். ஒரு பெண் அவள் கையைப் பிடித்துத் தடவினாள். எத்தனை வருடம் அடி வாங்கினாளோ என்று பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. மனைவி என்னைப் பார்த்தாள். நான் யூஸைக் குடித்தேன்.

திரும்பி வரும்போது, இல்-பிசார் தீவின் பாலம் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"நாலு தரம் பெயிலானீங்கள். நான் ஒரு நாளெண்டாலும் வெக்கப்பட்டனானோ?"

"இல்லை."

"இண்டைக்கு வெக்கமாக் கிடந்தது."

"நான் போய் உண்மையைச் சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ" என்றாள். "திரும்பவும் துவங்கிட்டார் எண்டுவினம்."

அதற்குப் பிறகு அவள் கோயிலுக்குத் தனியாகப் போகிறாள். உங்களுக்கு வேணுமெண்டா சைக்கிளிலை வாங்கோ என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை முப்பத்துநாலு பாகை. வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். கோயில் வாசலில் சைக்கிளைப் பூட்டும்போது யாரோ ஒருவர், எனக்குத் தெரியாதவர், "இப்ப பரவாயில்லையோ அண்ணை?" என்று கேட்டார். "ஓம், பரவாயில்லை" என்றேன். உள்ளே அவள் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் நின்றாள். நான் வந்தது தெரிந்திருக்கும். பூசை முடியும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.